முப்பது மீட்டர் இடைவெளியில் கட்டிய ஒயர் ரோப் தொய்கிறது, கம்பங்களும் உள்ளே சாய்கின்றன: என்ன செய்யலாம்?

காசிமேடு வலைக்களம்

அனைவருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகில், விசைப்படகுகளின் வலைகளைப் பரப்பிச் சீர்செய்யும் திறந்த களம் ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தி வருகிறோம். வெயில் தாழ்ந்த பிறகே ஆட்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்ய முடிவதால், இரவு பத்து மணி வரை நல்ல வெளிச்சம் தேவைப்படுகிறது. களத்தின் நடுவில் கம்பம் நட்டால் வலையை இழுத்துப் பரப்ப இடைஞ்சலாக இருக்கும் என்று கருதி, கிழக்கு ஓரத்தில் ஒன்றும் மேற்கு ஓரத்தில் ஒன்றுமாக மூன்று இஞ்ச் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளை நட்டு, அவற்றின் உச்சியில் 8 மி.மீ. ஒயர் ரோப்பைக் கட்டி, அதில் எட்டு எல்.இ.டி. விளக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். கம்பங்களுக்கு இடையே 30 மீட்டர் தூரம். தரையிலிருந்து ரோப் கட்டிய இடம் வரை 6 மீட்டர் உயரம். ஒரு விளக்கு ஏறத்தாழ 2 கிலோ எடை.

விளக்கு மாட்டுவதற்கு முன் ரோப் ஓரளவு நேராகத்தான் இருந்தது. மாட்டிய பிறகு நடுவில் இறங்கத் தொடங்கி, இப்போது ஏறக்குறைய இரண்டு மீட்டர் தொய்ந்துவிட்டது. இரண்டு கம்பங்களின் உச்சியும் ஒரு சாண் அளவுக்கு உள்பக்கம் வந்திருக்கின்றன. வேலை செய்து கொடுத்த வெல்டர் வந்து டர்ன்பக்கிளை (ரோப்பை இழுத்து இறுக்கும் திருகை) முறுக்கிவிட்டுப் போகிறார். ஒரு வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய நிலைதான். மேற்குப் பக்கக் கம்பத்தில் ரோப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புகளில் ஒன்று நழுவியதற்கான தேய்மானத் தடமும் தெரிகிறது.

இன்னொரு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த ரோப் புதிது இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகளில் இழுவலை ரோப்பை மாற்றும்போது கழித்துப் போட்டதில் ஒரு துண்டு. பார்வைக்கு உறுதியாகவே இருக்கிறது.

என் கேள்விகள் இவைதான். ரோப்பை எந்த அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும்? அதைக் கருவியில்லாமல் எப்படி அளப்பது? முனைகளை நழுவாமல் பூட்டுவது எப்படி? கம்பத்துக்கு ஸ்டே கம்பி (எதிர்ப்புறம் தரையோடு இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டாயமா? வெயிலுக்காகப் பின்னாளில் இதே ரோப்பில் பச்சை நிழல்வலையையும் கட்டலாமா?

ராயபுரம்வாசி

இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் டர்ன்பக்கிள் சிறியதாக இருக்கும். அடுத்த அளவில் பெரியதாக ஒன்று வாங்கி, ரோப் நாண் போல நேராகும் வரை முறுக்கிவிடுங்கள். எங்கள் தெருவில் திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு கட்டுபவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒற்றியூர்ப் பொறியாளர்

மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து செயல்படுத்த வேண்டாம். திருவிழாச் சீரியல் விளக்கு பத்து நாளில் இறங்கிவிடும், அதன் எடையும் மிகக் குறைவு. இங்கே நிலையாக நிற்க வேண்டிய சுமை இருக்கிறது.

எடையைத் தாங்கும் எந்த வடமும் முழுமையாக நேராக நிற்காது. எவ்வளவு நேராக்க முயல்கிறோமோ அவ்வளவு இழுவிசை கூடிக்கொண்டே போகும். அதைக் கணக்கிட எளிய சூத்திரம் ஒன்று உண்டு: ஒரு மீட்டருக்கான எடையை இடைவெளியின் வர்க்கத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் கிடைமட்ட இழுவிசை கிடைக்கும். உங்கள் விளக்குகள் 16 கிலோ, ரோப் சுமார் 7 கிலோ, மின்கேபிளும் கொக்கிகளும் 7 கிலோ என்று வைத்தால் மொத்தம் 30 கிலோ, அதாவது மீட்டருக்கு ஒரு கிலோ. தொய்வு 60 செ.மீ. என்றால் இழுவிசை ஏறத்தாழ 190 கிலோ. 30 செ.மீ. என்றால் 375 கிலோ. 15 செ.மீ. என்றால் 750 கிலோ. முப்பது கிலோ சுமைக்காக முக்கால் டன் விசையைக் கம்பத்தின் உச்சியில் ஏற்றுவதில் பொருள் இல்லை. இடைவெளியில் இரண்டு சதவீதம், அதாவது உங்களுக்கு 60 செ.மீ., தொய்வு இருக்கட்டும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு அது கண்ணை உறுத்தாது. நடுவிலும் 5.4 மீட்டர் உயரம் மிஞ்சுவதால் களத்துக்குள் வரும் சரக்கு வண்டிக்கும் தடையிருக்காது.

அடுத்து நீளத்தைப் பார்ப்போம். 30 மீட்டர் இடைவெளியில் 60 செ.மீ. தொய்வதற்கு ரோப் எவ்வளவு கூடுதல் நீளமாக இருக்க வேண்டும் என்று கேட்டால், பலரும் ஓர் அடியாவது இருக்கும் என்பார்கள். உண்மையில் 32 மில்லிமீட்டர்தான். ஆகவே கம்பத்தின் உச்சி உள்ளே வந்தாலும், கிளாம்ப் நழுவினாலும், ரோப் நீண்டாலும், சில சென்டிமீட்டர் மாற்றமே தொய்வில் மிகப் பெரிதாகத் தெரியும். நீங்கள் சொல்லும் இரண்டு மீட்டர் தொய்வுக்கு மொத்தம் 36 செ.மீ. கூடுதல் நீளம் போதும். இரு கம்பங்களும் ஆளுக்கு ஒரு சாண் உள்ளே வந்தாலே அது கிடைத்துவிடுகிறது.

அந்த ஒரு சாண் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நடுத்தரக் கனமுள்ள மூன்று இஞ்ச் பைப்பை அடியில் அசையாமல் புதைத்து, 6 மீட்டர் உயரத்தில் 50 கிலோ விசையால் இழுத்தால், உச்சி சுமார் 18 செ.மீ. வளையும். இரண்டு மீட்டர் தொய்ந்த நிலையில் உங்கள் ரோப்பின் இழுவிசையும் ஏறத்தாழ 55 கிலோதான். எனவே அடித்தளம் நன்றாகவே இருந்தாலும் இந்தப் பைப் இப்படித்தான் வளைந்து நிற்கும். வெல்டர் முறுக்கும் ஒவ்வொரு சுற்றும் ரோப்பை நேராக்குவதைவிடப் பைப்பை வளைப்பதற்கே செலவாகிறது. ஏறத்தாழ 90 கிலோவைத் தாண்டினால் பைப் திரும்பி நிமிராத அளவுக்கு நிரந்தரமாக வளையத் தொடங்கும். எனவே இப்போதைக்கு டர்ன்பக்கிளைத் தொடாதீர்கள்.

ஸ்டே கம்பி கட்டாயமா என்று கேட்டீர்கள். இந்தப் பைப்புக்குக் கட்டாயம். ரோப் இழுக்கும் திசைக்கு நேர் எதிர்ப்புறத்தில், கம்பத்தோடு 45 பாகைக் கோணத்தில், ரோப் கட்டிய உயரத்திலேயே ஸ்டேயைப் பிடிக்க வேண்டும். 45 பாகையில் ஸ்டேயின் இழுவிசை ரோப்பைப் போல 1.4 மடங்கு. கோணம் 30 பாகையாகக் குறைந்தால் இரண்டு மடங்கு. அதற்குக் கீழே போக வேண்டாம். ஸ்டேயின் அடியில் உள்ள கான்கிரீட் கட்டைக்கும் கவனம் தேவை. 45 பாகையில் அதை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை உங்கள் ரோப்பின் இழுவிசைக்குச் சமமாக, அதாவது 190 கிலோவாக இருக்கும். இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள கட்டையின் எடை ஏறத்தாழ 500 கிலோ என்றாலும், காசிமேடு போன்ற கடலோர மணலில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்து கட்டையை மூழ்கடித்தால் பயன்படும் எடை 300 கிலோவாகக் குறையும். காற்றின் சுமையையும் எண்ணிப் பார்த்தால், கட்டையை இன்னும் ஓரடி பெரிதாக்குவதே நல்லது.

நிழல்வலையைப் பற்றி ஒரே வரி: கட்டாதீர்கள். சென்னைக்கு இந்தியத் தர நெறிமுறை சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் ஏறத்தாழ 150 கிலோ அழுத்தம் விழும். ஓட்டையுள்ள வலைதானே என்று பாதியாகக் கழித்தாலும், உங்கள் கம்பங்களுக்கு அது தாங்காது.

துறைமுக ரிக்கர்

பொறியாளர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டார், நான் ரோப்பைப் பற்றிச் சொல்கிறேன். துறைமுகத்தில் பல ஆண்டுகள் ரிக்கிங் வேலை (வடம் கட்டிச் சுமை தூக்கும் வேலை) செய்தவன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

படகில் கழித்த இழுவலை ரோப்பை ஆட்கள் நடமாடும் இடத்தில் தலைக்கு மேல் கட்டக் கூடாது. அந்த ரோப்பின் நடுவில் நார்த்திரி இருந்தால், அது கடல்நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உள்ளிருந்தே இழைகளை அரிக்கும். வெளியே எண்ணெய்ப் பசையோடு பளபளப்பாகத் தெரிந்தாலும், புரியைப் பிரித்து உள்ளே பார்த்தால் செந்தூள் கொட்டும். வின்ச் உருளையில் நசுங்கிய இடங்களும், உடைந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளும் இருந்தால் சொல்லவே வேண்டாம். புதிய 8 மி.மீ. ரோப்புக்கு அறுபடும் சுமை மூன்று டன்னுக்கு மேல் இருக்கும். பழைய துண்டில் எவ்வளவு மிச்சம் என்பதை யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கழித்த படகுக்காரருக்கு அது தெரிந்ததால்தான் கழித்தார்.

அதற்காகப் புதிய ஒயர் ரோப்பையே வாங்கச் சொல்ல மாட்டேன். நிலையாக நிற்கும் வேலைக்கு, புரிகள் பல சேர்ந்த ரோப்பைவிட மின்கம்பங்களுக்குப் போடும் ஏழு இழை ஜி.ஐ. ஸ்டே ஒயர் சிறந்தது. கப்பியில் ஓடி வளைய வேண்டிய இடத்துக்குத்தான் ஒயர் ரோப் வேண்டும். நார்த்திரியுள்ள புதிய ரோப்பில் சுமை ஏறியதும் புரிகள் இறுகி, நீளத்தில் அரை சதவீதம் வரை நிரந்தரமாக நீளும். உங்கள் 30 மீட்டருக்கு அது 15 செ.மீ. பொறியாளர் சொன்ன 32 மில்லிமீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எத்தனை முறை முறுக்கினாலும் ஏன் போதவில்லை என்பது விளங்கும். ஸ்டே ஒயரில் இந்த நீட்சி மிகக் குறைவு. ஒவ்வோர் இழையும் 2.5 மி.மீ. கனமுள்ள ஏழு இழை ஒயர் உங்களுக்குப் போதும். அறுபடும் சுமை இரண்டு டன்னுக்கு மேல், எடை மீட்டருக்குக் கால் கிலோவுக்குச் சற்று அதிகம். பாரிமுனையை ஒட்டிய இரும்புக்கடைத் தெருக்களில் கேட்டால் எடைக்குக் கிடைக்கும்.

முனையைப் பூட்டும் முறைக்கு வருகிறேன். ஒயரை நேரடியாகக் கொக்கியிலோ பைப்பிலோ சுற்றிக் கட்டாமல், திம்பிள் (வளைவின் உட்புறம் வைக்கும் பள்ளமுள்ள உலோகத் துண்டு) வைத்து வளையமாக்க வேண்டும். திம்பிள் இல்லாவிட்டால் வளையும் இடத்தில் இழைகள் நசுங்கி அங்கேயே முதலில் அறும். புல்டாக் கிளாம்ப்பில் இரண்டு பாகங்கள் உண்டு: பள்ளம் வெட்டிய அடிக்கட்டை ஒன்று, யூ வடிவக் கம்பி ஒன்று. சுமை தாங்கும் நீண்ட ஒயரின் மேல் அடிக்கட்டையும், வெட்டி விட்ட வால் பக்கத்தின் மேல் யூ கம்பியும் அமர வேண்டும். யூ கம்பி அது உட்காரும் இடத்தில் ஒயரை நசுக்கும் என்பதால், சுமை தாங்கும் பக்கத்தில் அதைப் போடவே கூடாது. ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியுமாக மாற்றி மாற்றிப் போடும் வழக்கத்தை வெல்டர்களிடம் நிறையப் பார்க்கிறேன், அது தவறு. ஒரு முனைக்குக் குறைந்தது மூன்று கிளாம்ப், நான்கு என்றால் நிம்மதி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒயர் கனத்தின் ஆறு மடங்கு, அதாவது ஏறத்தாழ 5 செ.மீ. இடைவெளி. வால் நுனிக்கு அருகில் உள்ளதை முதலில் இறுக்கி, திம்பிளை ஒட்டியதை அடுத்து இறுக்கி, நடுவில் உள்ளவற்றைக் கடைசியில் இறுக்குங்கள். சுமை ஏறியதும் ஒயர் சற்று மெலிந்து நட்டுகள் தளரும். ஆகையால் விளக்குகள் மாட்டிய மறுநாள் ஒரு முறையும், ஒரு மாதம் கழித்து ஒரு முறையும் ஸ்பேனர் வைக்காமல் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். உங்கள் கிளாம்ப் நழுவியதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

டர்ன்பக்கிள் கொக்கி வைத்ததாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கொக்கி விரியும், அல்லது ஒயர் ஆடும்போது கழன்று விழும். இரண்டு பக்கமும் மூடிய வளையமோ, பின் போடும் கவடோ உள்ளதை வாங்க வேண்டும். அதை முழுக்கத் திறந்த நிலையில் மாட்டி, ஒயரின் பெரும்பகுதித் தொய்வை ராட்செட் புல்லரால் (கைப்பிடியை ஆட்டிப் படிப்படியாக இழுக்கும் கருவியால்) இழுத்து எடுத்துவிட்டு, கடைசிச் சில சென்டிமீட்டரை மட்டும் டர்ன்பக்கிளால் சரிசெய்யுங்கள். முடிந்ததும் அதன் உடல் தானாகச் சுழன்று தளராதபடி ஜி.ஐ. கம்பியால் ஊடு கட்டிப் பூட்டுங்கள். இழுக்கும் நேரத்தில் ஒயரின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த ஒயர் எந்தப் பக்கம் வீசும் என்று சொல்ல முடியாது.

காசிமேடு வலைக்களம்

ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. பழைய ரோப்பை இறக்கிவிட்டோம். புரியைப் பிரித்துப் பார்த்தபோது ரிக்கர் ஐயா சொன்ன செந்தூள் உண்மையாகவே கொட்டியது.

ஸ்டே விஷயத்தில் ஒரு சிக்கல். கடல் பக்கம், அதாவது கிழக்குக் கம்பத்துக்குப் பின்னால், ஸ்டே கட்ட எங்களுக்கே போதிய இடம் இருக்கிறது. மேற்குக் கம்பத்துக்குப் பின்னால் மதில்சுவர், அதை அடுத்துப் பொதுவழி. அங்கே ஸ்டே கட்ட வழியே இல்லை. மதில்சுவரிலேயே ஓர் ஆணி அடித்து இழுத்துக் கட்டலாம் என்கிறார் வெல்டர். அது சரியா?

கொருக்குப்பேட்டை டி.ஆர்.டி.

செங்கல் மதில்சுவர் பக்கவாட்டு இழுப்பைத் தாங்குவதற்காகக் கட்டப்படுவதில்லை. அதில் கட்டினால் ஒரு நாள் சுவரும் சேர்ந்து பொதுவழியில் விழும். வேண்டாம்.

நான் ரயில்வேயில் மேல்நிலை மின்கம்பிப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர்ப் பக்கம் ரயிலில் போகும்போது, சில கம்பங்களில் கப்பியின் கீழ் எடைக்கட்டைகள் அடுக்காகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரயிலின் மேலே உரசும் கம்பியும் அதைத் தாங்கும் மேல்வடமும் ஒவ்வொன்றும் ஆயிரம் கிலோ இழுவிசையில் நிற்க வேண்டும். வெயிலில் கம்பி நீண்டாலும் குளிரில் சுருங்கினாலும் அந்த விசை மாறாதபடி எடைக்கட்டைகள் இறங்கியும் ஏறியும் சமன் செய்கின்றன. செம்புக் கம்பி 750 மீட்டர் நீளத்தில், வெப்பம் 30 பாகை மாறினால், ஏறத்தாழ 38 செ.மீ. நீளம் மாறும். அதனால்தான் அங்கே அந்த ஏற்பாடு. அந்த எடைகள் தொங்கும் கம்பத்தின் பின்புறம் பாருங்கள், சாய்வாக ஓர் இரும்புத் தண்டு தரைக்குள் இறங்கியிருக்கும். எவ்வளவு கனமான கம்பமாக இருந்தாலும் முனை இழுப்பைப் பின்புறப் பிடிப்பு இல்லாமல் அதன் தலையில் விடுவதில்லை.

உங்களுக்கு எடைக்கட்டை தேவையில்லை. 60 செ.மீ. தொய்வே அந்த வேலையைச் செய்துவிடும். முப்பது மீட்டர் எஃகு ஒயர் 20 பாகை வெப்ப மாற்றத்துக்கு 7 மில்லிமீட்டர்தான் சுருங்கும். கையில் 32 மில்லிமீட்டர் உபரி நீளம் இருக்கும்போது அந்த 7 போனால் தொய்வு 53 செ.மீ. ஆகும், இழுவிசை சிறிதே கூடும். ராயபுரத்து நண்பர் சொன்னபடி நண்பகல் வெயிலில் 15 செ.மீ. தொய்வு வரை முறுக்கியிருந்தால் உபரி நீளமே 2 மில்லிமீட்டர். மழை பெய்யும் இரவில் 7 மில்லிமீட்டர் சுருங்க நினைக்கும் ஒயருக்குக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை. கம்பம் வளைய வேண்டும், அல்லது கிளாம்ப் நழுவ வேண்டும்.

மேற்குக் கம்பத்துக்கு ஸ்ட்ரட் போடுங்கள். ஸ்டே வெளியிலிருந்து இழுத்துப் பிடிக்கும், ஸ்ட்ரட் உள்ளிருந்து முட்டுக் கொடுக்கும். களத்துக்குள் கம்பத்தின் அடியிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி ஓர் அடித்தளம் போட்டு, அங்கிருந்து சாய்வாக இன்னொரு மூன்று இஞ்ச் பைப்பை ஏற்றி, ரோப் கட்டும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாகக் கம்பத்தோடு போல்ட் போட்டு இணைக்க வேண்டும். ரோப்பின் நேர்கோட்டிலேயே ஸ்ட்ரட் இருக்க வேண்டும், பக்கம் விலகினால் கம்பத்தைத் திருகும்.

ஸ்ட்ரட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அது கம்பத்தை வெளியே தள்ளுவதோடு மேலேயும் தூக்கும். 5 மீட்டர் உயரத்தில் இணைத்து, அடியை 2.5 மீட்டர் தள்ளி வைத்தால், 190 கிலோ இழுவிசைக்குக் கம்பத்தை ஏறத்தாழ 450 கிலோ விசை மண்ணிலிருந்து பிடுங்கப் பார்க்கும். எனவே மேற்குக் கம்பத்தின் அடியில் உள்ள கான்கிரீட்டைத் தோண்டிப் பார்த்து, அது இரண்டடி சதுரத்தில் நான்கடி ஆழமாவது இல்லையென்றால் புதிதாகப் போடுங்கள். பைப்பின் அடியில் குறுக்காக இரு கம்பித் துண்டுகளைப் பற்ற வைத்துவிட்டுக் கான்கிரீட் ஊற்றினால், பைப் மட்டும் தனியே உருவிக்கொண்டு வராது.

இதெல்லாம் வேண்டாம் என்றால் இன்னொரு வழி, நடுவில் ஒரு கம்பம். இடைவெளி பாதியானால் அதே தொய்வுக்கு இழுவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும். ஓரக் கம்பங்களையும் ஆறு இஞ்ச் பைப்பாக மாற்றினால், அது மூன்று இஞ்ச் பைப்பைவிட எட்டு மடங்கு விறைப்பு என்பதால், ஸ்டேயும் ஸ்ட்ரட்டும் இல்லாமலே உச்சி இரண்டு சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். வலை பரப்ப இடைஞ்சல் என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் என்னைக் கேட்டால் இதுவே தலைவலி குறைந்த வழி.

வண்ணை மின்பணி

விளக்குகளின் மின்சாரப் பக்கம் யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

மின்கேபிள் எந்த இழுவிசையையும் தாங்கக் கூடாது. ஒயரைவிடக் கேபிள் சற்று நீளமாக, அரை மீட்டருக்கு ஒரு பிடிப்போடு, தளர்வாகத் தொங்க வேண்டும். கேபிளைக் கட்டும் வெள்ளை நைலான் டை நம் வெயிலில் பொடிந்து உதிர்ந்துவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் கறுப்பு டையோ, பி.வி.சி. உறையிட்ட ஸ்டீல் டையோ பயன்படுத்துங்கள். ஒவ்வொரு விளக்கிலும் கேபிள் நுழையும் இடத்துக்கு முன் சற்றுக் கீழே வளைத்து விட்டால், மழைநீர் வழிந்து அந்த வளைவிலேயே சொட்டிவிடும், விளக்குக்குள் போகாது.

தாங்கும் ஒயரும் இரு கம்பங்களும் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கோ ஓரிடத்தில் கேபிள் உரசித் தோல் கிழிந்தால் ஒயர் முழுவதும் மின்சாரம் பாயும், ஈர வலையோடு வெறுங்காலில் உட்கார்ந்திருப்பவர்கள் கம்பத்தைத் தொட்டாலே போதும். இந்த விளக்குகளுக்கென்று 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்) தனியாக வைத்துவிடுங்கள். இது செலவு பார்க்கிற இடமில்லை.

இடவசதி இல்லையென்று தெருவில் உள்ள மின்வாரியக் கம்பத்தில் ஸ்டேயையோ ஒயரையோ கட்டும் எண்ணம் யாருக்காவது வந்தால், அதை இப்போதே விட்டுவிடுங்கள். பரவலாகப் பயன்படும் 8 மீட்டர் கான்கிரீட் கம்பத்துக்கு உச்சிக்கு அருகில் வரையறுத்த வேலைச் சுமையே 200 கிலோதான், அதில் ஏற்கெனவே அவர்களுடைய கம்பிகள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் கட்டுவது குற்றமும்கூட. ஒயரை மேலே ஏற்றும்போது அருகில் தாழ்வழுத்தக் கம்பி போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது துள்ளும் ஒயர் அதில் பட்டால், புல்லர் பிடித்திருப்பவர் பிழைக்க மாட்டார்.

உப்புக்காற்றுக்கு ஒரு சொல். திருவொற்றியூர் முதல் ராயபுரம் வரை கடலை ஒட்டிய எந்த இடத்திலும், மின்முலாம் பூசிய மலிவான கிளாம்ப் ஒரு மழைக்காலத்தில் துருவேறும். சூடான துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் வாங்குவதாக இருந்தால் 304 என்ற தரம் போதாது, 316 தேவை. ஜி.ஐ. ஒயரோடு ஸ்டெயின்லெஸ் கிளாம்ப்பைக் கலக்காதீர்கள், ஈர உப்பில் ஒயரின் துத்தநாகம் சீக்கிரம் கரையும். மறைகளுக்கும் டர்ன்பக்கிளுக்கும் கிரீஸ் தடவி வையுங்கள்.

காசிமேடு வலைக்களம்

எல்லோருக்கும் நன்றி. பங்குதாரர்களிடம் பேசினேன். நடுக்கம்பத்துக்கு யாரும் ஒப்பவில்லை. கிழக்கில் ஸ்டே, மேற்கில் ஸ்ட்ரட், ஏழு இழை ஒயர் என்று முடிவு செய்திருக்கிறோம். நிழல்வலை யோசனையைக் கைவிட்டோம். இரண்டு சந்தேகம் மட்டும் மிச்சம். 60 செ.மீ. தொய்வை அத்தனை உயரத்தில் எப்படி அளப்பது? புயல் எச்சரிக்கை வரும்போது ஒயரைத் தளர்த்திவிட வேண்டுமா?

ஒற்றியூர்ப் பொறியாளர்

விளக்கு மாட்டும் முன் வெறும் ஒயரை 50 செ.மீ. தொய்வில் நிறுத்துங்கள். சுமை ஏறியதும் ஒயர் சிறிது நீண்டு, ஸ்டேயும் ஸ்ட்ரட்டும் அமர்ந்து, தானாக 60 செ.மீ. அளவுக்கு வந்துவிடும்.

அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. லைன்மேன்கள் செய்வது போல, இரு கம்பங்களிலும் ஒயர் கட்டிய இடத்துக்கு 50 செ.மீ. கீழே ஒரு பட்டையைக் கிடையாகக் கட்டி, ஏணியில் ஏறி ஒரு பட்டையின் மேல்விளிம்பிலிருந்து அடுத்த பட்டையை நோக்கிக் கண்ணை வைத்துப் பாருங்கள். ஒயரின் தாழ்ந்த இடம் அந்தப் பார்வைக்கோட்டைத் தொட்டால் அளவு சரி. ஏணியைக் கம்பத்தோடு கட்டிவிட்டு ஏறுங்கள், ஒயரின் மேல் சாத்தாதீர்கள். இரண்டாவது வழிக்குக் கைக்கடிகாரம் போதும். கம்பத்துக்கு அருகில் ஒயரை ஒரு குச்சியால் தட்டினால், அந்த அதிர்வு மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்து விரலில் படும். ஐந்தாவது முறை திரும்பும் வரை நேரத்தை எடுங்கள். 50 செ.மீ. தொய்வுக்கு அது 6.4 விநாடி ஆகும். அதைவிடக் குறைந்தால் அதிகம் இழுத்துவிட்டீர்கள், கூடினால் இன்னும் இழுக்கலாம். இடைவெளியும் ஒயரின் எடையும் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது என்பது இதன் சிறப்பு. விளக்குகள் மாட்டிய பிறகு அதிர்வு ஒவ்வொரு விளக்கிலும் பட்டுச் சிதறும் என்பதால், இதை வெறும் ஒயரில்தான் செய்ய வேண்டும்.

புயலுக்காக ஒயரைத் தளர்த்த வேண்டாம். தளர்ந்த ஒயர் காற்றில் வீசியாடி, கிளாம்ப்பையும் திம்பிளையும் உதறித் தேய்க்கும். 2016 டிசம்பரில் வர்தா வந்தபோது நகரில் விழுந்த கம்பங்களை நினைவில் வைத்திருப்பீர்கள். எச்சரிக்கை வந்ததும் மெயினை அணைத்து, விளக்குகளைக் கழற்றி இறக்குங்கள். காற்று அவற்றின் மேல்தான் அதிகம் பிடிக்கும். ஒயர் அப்படியே இருக்கட்டும். காற்று ஓய்ந்ததும் முதலில் ஸ்டே கட்டையைச் சுற்றியும் ஸ்ட்ரட் அடியிலும் மண் விரிந்திருக்கிறதா என்று பார்த்து, கிளாம்ப் நட்டுகளுக்கு ஒரு முறை ஸ்பேனர் வைத்து, மறுபடியும் ஐந்து அதிர்வுக்கு நேரம் எடுத்த பிறகு விளக்குகளை ஏற்றுங்கள்.